ஆலைவாசல் சிலையும் எம் தமக்கையாரும்

எம் தமக்கையார் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், அவரது வாழ்வை உற்றார் முன் எடுத்துரைப்பது இளையவனாகிய என் கடமை.

முதலியார்பேட்டையில் பிறந்தவர். தந்தையாரை இளமையிலேயே இழந்த எங்களை, பஞ்சாலையில் அறுந்த இழைகளை முடிச்சிடும் வேலை செய்து அன்னையார் வளர்த்தார். என்னைக் கல்லூரியில் சேர்த்தவர், தமக்கையாரையும் சிற்பம் பயிலச் சென்னைக்கு அனுப்பினார். "பொட்டப்புள்ள மண்ணு பிசையறதுக்கு காலேஜா?" என்று சுற்றத்தார் கேட்டதை அவர் பொருட்படுத்தவில்லை.

எழுபதுகளில் ஆலைவாசலுக்குத் தொழிலாளி சிலை ஒன்று வடிக்கும் பணி தமக்கையாரிடம் வந்தது. எம் ஊரில் பெண்ணொருவரிடம் பொதுச்சிலை ஒப்படைக்கப்பட்டது அதுவே முதன்முறை. மூலக்குளத்தில் இருந்த அவரது சிற்பக் கொட்டகைக்கு ஆடவர் மாதிரியாக நிற்க வந்தனர் எனச் சிலர் பேசியது பொய். அவர் எவரையும் அழைத்ததில்லை. அதனாலேயே ஆணுருவின் கைகளை அன்னையாரின் கைகளைப் பார்த்து வடித்தார்: பருத்த மூட்டுகள், நூல் அறுத்துத் தழும்பேறிய விரல்கள்.

சிமெண்டில் வார்க்குமுன் களிமண் உருவைக் காண, பணியை ஒப்படைத்த சிலைக்குழு வந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் பயின்றதால் ஊரார் 'ஐயா' என்னும் பொருளில் முசியே என்றழைத்த அதன் தலைவர், உருவைச் சுற்றிவந்து சிரித்தார்.

"மூஞ்சி ஆம்பள, கை பொம்பள. கைய மாத்தும்மா. இல்லன்னா வேற ஆள பாத்துக்கறோம்."

கிடைத்தற்கரிய பணி கைநழுவுகிறதே என நான் பதறினேன். தமக்கையாரோ உருவை நெருங்கினார்.

"கையில தப்பு இல்ல முசியே. மூஞ்சியிலதான் தப்பு பண்ணிட்டேன்."

சொல்லிக்கொண்டே களிமண் முகத்தின் மீசையை வழித்தெடுத்தார்.

குழுவினர் சினந்து வெளியேறினர். தமக்கையார் அதே களிமண்ணில், அதே கைகளுக்கு ஏற்ப, கொண்டையும் இழுத்துச் செருகிய சேலையுமாக ஒரு பெண் தொழிலாளியை எழுப்பினார். உலகச் சிற்பங்களைப் பற்றி மேடைகளில் பேசியிருக்கிறேன். அவ்வுருவிலோ அன்னையாரையே கண்டேன்.

செய்தியறிந்த ஆலைப் பெண்கள் ஷிப்டு முடிந்து வந்தனர். ஒருவர் தம் கையைச் சிலையின் கையருகே நீட்டிப் பார்த்தார். "இது எங்க கைதான். இத வாசல்ல வைக்கலன்னா நாங்க உள்ள போவமாட்டோம்" என்றார். மறுநாள் அனைவரும் வாசலிலேயே நின்றனர். குழு இணங்கியது. சிலை இன்றும் அங்கே நிற்கிறது.

அதன்பின் பல சிலைகள் வடித்தார். நோயுற்ற இறுதி நாள்களிலும் அவர் நகக்கண்களில் களிமண் இருந்தது.

மருத்துவம் பார்த்தோர்க்கும், துணைநின்ற அண்டை அயலார்க்கும் எம் குடும்பத்தின் நன்றி. இறுதி ஊர்வலத்தில் ஆலைப் பெண்கள் பாடைக்குத் தோள்கொடுக்க முன்வந்தபோது உறவினர் சிலர் முகம் சுளித்தனர். நான் விலகி என் இடத்தை அவர்களுக்குக் கொடுத்தேன். அதுவே முறை.