ஒரு வெள்ளிக்கு ஒன்றே முக்கால் ரூபாய்

டிராமில் பதினேழு வருஷம் டிக்கெட் கிழித்தவனுக்குக் கணக்கு வரும் என்று ஊரார் நினைத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய? எனக்கு வந்ததெல்லாம் ஒரு வெள்ளி, அதாவது அந்த ஊர் டாலர், வரைக்குமான சில்லறைதான். கப்பல் துறை ஜெட்டியிலிருந்து ஆயர் ஈத்தாம் வரை எந்த இடத்துக்கு எத்தனை காசு, மீதி எவ்வளவு என்பதெல்லாம் விரலுக்குத் தெரியும், மண்டைக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போகாதவன் நான். எழுத்தைக் கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். கணக்கை எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் நாங்கள் குடியிருந்த லயத்தில் கணக்கு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தெரியாது என்று நானும் ஒரு நாள் சொன்னதில்லை. இப்போது நினைத்தால் அலுப்பாக இருக்கிறது. அந்த ஒரு சொல்லைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

பெரிய சண்டை முடிந்த மறுவருஷம் அது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது. பினாங்கில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்றுகொண்டிருந்தோம். டிராம்காரர்களுக்கான லயத்தில் எங்கள் கூடத்தில் ஐந்து பேர். நான், நான் மணியடிக்கும் வண்டியை ஓட்டுகிற, அண்ணன் என்று நான் கூப்பிடுகிறவர், தண்டவாளம் பார்க்கிற இரண்டு பேர், வண்டி கழுவுகிற ஒருவர். அண்ணன் நாகப்பட்டினத்துப் பக்கம். மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் விட்டு வந்து ஒன்பது வருஷம். அவருக்கு எழுத்து தெரியாது. வரும் கடிதத்தை நான் வாசிப்பேன், போகும் கடிதத்தை நான் எழுதுவேன்.

ஆடி மாதம் வந்த கடிதத்தில் அண்ணி ஊர் வாத்தியாரை விட்டு எழுதியிருந்தார்: "நம் கொல்லையை ஒட்டின வயல் விலைக்கு வருகிறது. முந்நூற்றைம்பது ரூபாய். தை முடியும் மட்டும் நமக்காகப் பொறுப்பதாகச் சொல்கிறார்கள். அது நம் கைக்கு வந்தால் நீங்கள் அங்கே கிடக்க வேண்டாம், வந்துவிடலாம்."

அண்ணன் அந்தக் கடைசி வரியை மட்டும் மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, "முந்நூத்தம்பதுக்கு நான் எங்கே போவேன்?" என்று கிழங்கைத் தோலுரிக்க உட்கார்ந்துவிட்டார்.

குதிரைப் பந்தய லாட்டரிச் சீட்டு வாங்குவது எங்களுக்கு வழக்கம். சீட்டு ஒரு வெள்ளி, ஆளுக்கு இருபது காசு. சீட்டில் சொந்தப் பெயரை எழுத மாட்டார்கள், ஏதாவது ஒரு புனைபெயர் கொடுப்பார்கள். பினாங்குத் தமிழர்களில் பாதிப் பேர், அங்கே மலைமேல் இருக்கும் முருகன் பேரில், 'தண்ணீர்மலையான்' என்றே எழுதுவார்கள். அந்தத் தடவை வண்டி கழுவுகிறவர் தடுத்தார்.

"எல்லாரும் அதையே எழுதினா முருகனுக்கே குழம்பிடும்லா, எந்தத் தண்ணீர்மலையானுக்குக் குடுக்கிறதுன்னு. வேற எழுது."

"வேற என்னா எழுத?"

"அஞ்சு வயிறுன்னு எழுது. உள்ளதுதானே."

ஆவணியில் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு டிராம் கொட்டகைக்கு வந்து, "யாருய்யா இங்கே அஞ்சு வயிறு?" என்று கத்தினார். ஆயிரம் வெள்ளி. ஆளுக்கு இருநூறு. அதை மட்டும் ஐந்து பேரும் தனித்தனியாகப் பங்கு போட்டுப் பார்த்தோம், ஐந்து தடவையும் இருநூறே வந்தது.

அந்தக் காலத்தில் ஊருக்குப் பணம் அனுப்புகிற எவனுக்கும் ஒரு கணக்கு மனப்பாடம். வெள்ளிக்கு ஒன்றே முக்கால் ரூபாய். இருக்கிற வெள்ளியைச் சொல்லு, அதில் பாதியைச் சேர், பாதியில் பாதியைச் சேர். இருநூறு, ஒரு நூறு, ஓர் ஐம்பது. முந்நூற்றைம்பது! நான் சொல்லி முடித்ததும் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். கேட்ட தொகை, ஒரு காசு கூடவும் இல்லை, ஒரு காசு குறையவும் இல்லை. அன்றைக்கே அண்ணிக்கு எழுதச் சொன்னார். "சீட்டில் முந்நூற்றைம்பது ரூபாய் விழுந்திருக்கிறது. வயலைப் பேசி முடி" என்று எழுதினேன். என் எழுத்திலேயே அது அழகான எழுத்து.

பணத்தை வாங்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் நோட்டு மாற்றி ஊருக்குப் பணம் அனுப்புகிற ராவுத்தரிடம் போனோம். அவர் தந்தியில் வந்த அன்றைய விலையை எழுதிய பலகையைப் பார்த்துவிட்டு, "இருநூத்தெண்பது ரூபா போகும் தம்பி" என்றார்.

"என்னா பாய் இது, ஒண்ணே முக்கால்தானே?" என்றார் அண்ணன்.

"அதெல்லாம் சண்டைக்கு முந்தி. இப்போ ரூபா ஏறிக்கிட்டே போவுதுலா. இன்னும் ஏறும்ங்கிறாங்க."

பின்னால் ஆட்கள் நின்றார்கள். ராவுத்தர் அவர்களைப் பார்க்கத் திரும்பினார். நான் அண்ணனைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன். இனி நான் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

"ரூபா ஏறுதுன்னு அவரே சொல்றார். ஏறட்டுமே அண்ணே. இன்னைக்கு இருநூத்தெண்பது, இன்னும் ஏறினா முந்நூத்தம்பதே வந்துடும். தை வரைக்கும் நாள் கிடக்கு, என்னா அவசரம்?"

லயத்துக்குத் திரும்பியதும் மற்ற மூவரும், குறைகிற எழுபது ரூபாயை நாம் போடுவோம் என்றார்கள். ஐம்பது வெள்ளிதான், நான்கு பேருக்கு ஆளுக்குப் பன்னிரண்டரை. எல்லார் கையிலும் காசு இருந்த நாள் அது. "சும்மா இருங்க, ரூபா ஏறுது" என்று அதையும் நான்தான் தடுத்தேன்.

அதன் பிறகு வாரா வாரம் கடற்கரைத் தெருவில் வண்டி நிற்கும்போது, பாங்கில் வேலை செய்கிற ஆளைப் பார்த்து அண்ணன் குரல் கொடுப்பார்.

"ரூபா எப்படிங்க?"

"ஏறிடுச்சு!"

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிப்பார். அன்று சாயங்காலம் கோப்பி அவர் செலவு. இப்படி எத்தனை கோப்பி குடித்தேனோ!

மார்கழியில் அண்ணியின் கடிதம் வந்தது. இன்னொருவர் வந்து வயலைப் பார்த்துப் போனாராம், சீக்கிரம் அனுப்பச் சொல்லி எழுதியிருந்தார். தெம்பாகவே போனோம். ராவுத்தர் வெள்ளியை எண்ணி எடுத்துக்கொண்டு, "இருநூறு ரூபா" என்றார்.

"வெள்ளி இருநூறு பாய். ரூபா எவ்வளவு?"

"ரூபாவும் இருநூறுதான். வெள்ளிக்கு ஒரு ரூபா."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான், "ஏறுதுன்னுதானே சொன்னீங்க?" என்று சண்டைக்குப் போனேன்.

ராவுத்தர் கோபப்படவில்லை. "தம்பி, இந்த வருஷம் அரிசி ஏறுச்சா?"

"ஏறுச்சு."

"ஏறினப்புறம் அதே காசுக்கு உன் பானையிலே அரிசி கூடுச்சா, குறைஞ்சுச்சா?"

வருஷம் முழுக்கக் கிழங்கு தின்றவர்கள் நாங்கள். அரிசி ஏறினால் என்ன ஆகும் என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? ரூபாயும் காசு கொடுத்து வாங்குகிற ஒரு சரக்குதான் என்று மட்டும் தோன்றவே இல்லை. மற்ற மூவரின் பங்கும் அதற்குள் கரைந்துபோயிருந்தது. என்னுடையதும்தான்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அனுப்பிடுங்க பாய்" என்றார்.

இருநூறு ரூபாயோடு நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். மாசியில் பதில் வந்தது. வயல் கைவிட்டுப் போயிருந்தது. கீழே அண்ணி எழுதியிருந்ததை இன்றைக்கும் எழுத்துப் பிசகாமல் சொல்வேன்.

"ரூபாய் ஏறியதால் ரூபாய் குறைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். வாத்தியாரை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மீதி நூற்றைம்பது ரூபாய் எந்த வீட்டுக்குப் போயிற்று என்று மட்டும் சொல்லுங்கள்."

அண்ணன் வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எந்த வீட்டுக்குன்னா?" என்று கேட்டார். அவருக்குப் புரியாமல் இல்லை. ஒன்பது வருஷம் தனியாகக் கிடந்த மனுஷன், இன்னொரு வீடு என்ற பேச்சுக்கு ஒரு நாளும் இடம் கொடுத்ததில்லை.

நான் விடவில்லை. அரிசி, பானை எல்லாவற்றையும் வைத்து இரண்டு பக்கம் விளக்கி எழுதினேன். பங்குனி போய்ச் சித்திரையும் போயிற்று, அப்புறம்தான் பதில் வந்தது. "இங்கே அரிசி என்ன விலை என்று எனக்குத் தெரியும். நான் கேட்டது அதை அல்ல." வழக்கமாகக் கடைசியில் இருக்கும் 'உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்' அதில் இல்லை.

மூன்றாவது தடவை காகிதத்தை எடுத்தபோது அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"சூதாடித் தொலைச்சுட்டேன்னு எழுது."

"அண்ணே, தப்பு என்னோடது. அதையே எழுதறேன்."

"வேணாம். எப்படித் தொலைஞ்சுதுன்னே எழுதாதே. எப்படின்னு எழுதினாத்தான் அவ நம்ப மாட்டேங்கிறா. சீட்டாட்டத்திலே நூத்தம்பதும் போச்சு, இனிமே தொட மாட்டேன். இவ்வளவுதான் எழுது."

எழுதினேன். பினாங்குக்கு வந்த நாளிலிருந்து சீட்டுக்கட்டைக் கையால் தொடாத மனிதருக்காக எழுதினேன்.

அடுத்த கப்பலிலேயே பதில் வந்துவிட்டது. "இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இத்தனை நாள் அழுதிருக்க மாட்டேன். போனது போகட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். இனி கையில் காசு வைத்துக்கொள்ள வேண்டாம், சம்பளத்தை அப்படியே அனுப்பிவிடவும்."

அண்ணன் ஒரு தடவைதான் வாசிக்கச் சொன்னார். "நம்பிட்டா" என்றார்.

அடுத்த வருஷமே ரூபாய் இறங்கி, பழையபடி வெள்ளிக்கு ஒன்றே முக்கால் ஆயிற்று. அதை அண்ணனிடம் நான் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்கும். சம்பள நாளன்று ராவுத்தரிடம் போய் வெள்ளியை நீட்டுவார். என்ன விலை என்று கேட்பதில்லை. அப்படி அனுப்பி அனுப்பி, வேறொரு வயலுக்குக் காசு சேர அவருக்கு இன்னும் ஆறு வருஷம் பிடித்தது.