அனுமதியுடன் அடித்த ஆணிகள்

கொக்குவிலில் நாங்கள் முதன்முதலாகத் தனிக்குடித்தனம் வைத்த வீட்டின் முன்னறைச் சுவர் வெளிர்நீலம். கடையில் வாங்கிய நிறமல்ல. யுத்தத்தால் கொழும்பிலிருந்து பெயின்ற் வராத காலம். நீற்றிய சுண்ணாம்பை இரண்டு தரம் வடித்து, உப்பும் அரிசிக் கஞ்சியும் சேர்த்து, சலவை நீலத்தைத் துணியில் முடிந்து அதற்குள் ஆட்டி ஆட்டி நானும் மனைவியும் கண்டுபிடித்த நிறம். தடவினால் கையில் ஒட்டாது. அது ஒட்டாமல் இருந்ததால்தான் நாங்கள் வெளியேற்றப்பட்டோம் என்பதை இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது. கோபம் குறைந்துவிடவில்லை, வயது போனதால் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்.

வீட்டுக்காரர், ரெயில் நின்றுபோன பிறகும் ஸ்ரேசன் மாஸ்டர் என்றே அழைக்கப்பட்டவர். தன் வளவின் பின்புறம் பூட்டிக் கிடந்த இரண்டறை வீட்டை எங்களுக்கு வாடகைக்குத் தந்தார். கலியாணமாகி ஒன்றரை வருடத்தில் ஷெல்லுக்குப் பயந்து மூன்று உறவினர் வீடுகளில் மாறி மாறிப் பாய் விரித்தவர்கள் நாங்கள். மனைவிக்கு ஐந்தாம் மாதம். "பிள்ளையை ஆஸ்பத்திரியிலையிருந்து எங்கடை வீட்டுக்குத்தான் கொண்டுவர வேணும்" என்றாள். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

மாஸ்டரின் நிபந்தனையும் ஒன்றுதான்: சுவரில் ஓர் ஆணி அடிப்பதானாலும் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். வேறு யாரும் சிரித்திருப்பார்கள். நானோ அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞன். பிரதியோடு எழுதிக் கொடுத்தேன். 'மேற்படி வீட்டின் மேம்பாட்டைக் கருதி, புத்தகத் தட்டு பொருத்துவதற்கு ஆணிகள் ஆறு.' அவர் சிவப்பு மையில் 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதித் திகதியிட்டு, மூலத்தைத் தான் வைத்துக்கொண்டு பிரதியைத் திருப்பித் தருவார். இரண்டு மாதத்தில் பதினொரு கடிதம். ஒழுங்கான மனிசன் என்று நான் மெச்சினேன். "உங்கள் ரெண்டு பேருக்கும் தனியா ஒரு கந்தோர் திறந்து குடுக்க வேணும்" என்றாள் மனைவி.

தட்டு, தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்தது. பெட்டியின் உட்புறத்து ஈயத்தாளை உரித்து விளக்குக்குப் பின்னால் ஒட்டினேன். மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் ஒரு விளக்கு இரண்டாகத் தெரிந்தது. இரண்டு நூல் சேலைகளைச் சின்ன வெங்காயத் தோலோடு அவித்துச் செம்பழுப்பாக்கி மனைவி யன்னல் சேலை தைத்தாள். கால் உடைந்த கதிரைக்குக் கால் வைத்து, சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டிப் பின்னினேன். அதில் முதலில் இருந்து பார்த்தவர் மாஸ்டர். "கெட்டிக்காரன் தம்பி நீங்கள்" என்றார். எனக்குத் தலை கொஞ்சம் வீங்கியது.

ஒரு சனிக்கிழமை வந்து, "தம்பி, எங்கடை ஆக்கள் கொஞ்சப் பேர் வருவினம். வீட்டை ஒருக்கால் காட்டி விடுங்கோ. செய்தவர் சொன்னால்தானே வடிவா விளங்கும்" என்றார். வந்தவர்களுக்கு மனைவி தேத்தண்ணி போட்டாள். நான் சுண்ணாம்பு வடிப்பதிலிருந்து தொடங்கிச் சகலதையும் விளக்கினேன். ஒரு அம்மா சுவரைத் தடவி, விரலைப் பார்த்து, "போன முறை பாக்கேக்கை வௌவால் அடைஞ்ச மண்டபம் மாதிரிக் கிடந்தது. வேண்டாமெண்டிட்டுப் போனனாங்கள். இப்ப சோக்காயிருக்கு" என்றார். மனைவி தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வெங்காயத் தோலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்ப தாலிக்குப் பொன்னுருக்க நாள் பாப்பம்" என்றார் அந்த அம்மா. அந்த வீடு மாஸ்டரின் மகளுக்கு எழுதப்போகிற சீதனம் என்பது கந்தோர்க்காரனான எனக்கு அப்போதுதான் விளங்கியது. மாப்பிள்ளை வீட்டார் கழித்துவிட்டுப் போன வீட்டை, எங்கள் கைகளாலேயே அவர்களுக்குப் பிடிக்கச் செய்திருந்தோம்.

வீட்டை விட மாஸ்டர் இரண்டு கிழமை தவணை தந்தார். வாடகைச் சட்டத்தை நான் எடுத்துச் சொன்னேன். "வழக்குப் போடுங்கோவன். இப்ப எங்கை போடப்போறியள்?" என்றார். நீதிமன்றம் பூட்டிக் கிடந்தது, சட்டம் கொழும்பில் இருந்தது. சரி, என் பலகையையாவது கழற்றுவோம் என்று தட்டில் கைவைத்தபோது கடிதக் கட்டோடு வந்தார். "உதைத் தொடாதையும். வீட்டின்ரை மேம்பாடு எண்டு எழுதியிருக்கு. உம்மடை கையெழுத்துத்தானே?" அதுவரை 'நீங்கள்' போட்டுக் கதைத்தவர். கையெழுத்து என்னுடையதுதான். வடிவான கையெழுத்து.

வெளிக்கிட்ட காலை, கலியாணப் பெண் ஒளித்து ஒளித்து வந்து, "அக்கா, உந்த நீலம் மாரிக்கு உரிஞ்சால் என்ன செய்யிறது?" என்று கேட்டாள். பெட்டி கட்டிய சைக்கிளைப் பிடித்தபடி நான் பல்லைக் கடித்தேன். மனைவி, இடுப்பில் கைவைத்து நின்று, உப்பின் அளவு வரை ஒன்றும் விடாமல் சொல்லிக் கொடுத்தாள். பாதி வழியில், "ஏன் சொன்னனீர்?" என்று சீறினேன். "அந்தப் பிள்ளைக்கும் உதுதானே முதல் வீடு" என்றாள். இந்தப் பெருந்தன்மை எனக்கு இன்றுவரை வரவில்லை. மகனை ஆஸ்பத்திரியிலிருந்து மானிப்பாயில் அவளுடைய சித்தி வீட்டு விறாந்தைக்குத்தான் கொண்டுபோனோம்.

போன மாதம் கொழும்பில் அந்த மகனும் மருமகளும் வாடகைக்கு வீடு பார்க்கப் போனார்கள். நாங்களும் கூடப் போனோம். மகன் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் இடையில் புகுந்து, "உங்களுக்குக் கலியாணம் கட்டாத மகள் இருக்கிறாவோ?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் திகைத்தார். மகன் என் முழங்கையைப் பிடித்து இழுத்தான். இப்படியான இடங்களில் என்னை முதலில் அடக்குகிறவள் மனைவி. அவள் வீட்டுக்காரரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், பதில் வரும்வரை நின்றாள்.