ராஜி அக்கா கேட்காத பெட்டி

ராஜி அக்கா போய்விட்டார் என்று அவருடைய தம்பி குகன் கைபேசியில் சொன்னபோது, ரெக்ஸ்டேலில் பள்ளிக்கூட பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். "நல்ல மகோகனி மரப் பெட்டி எடுத்திருக்கு. ஒரு குறையும் விடேல்லை" என்றார். அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது. தன்னை அட்டைப் பெட்டியில் வைத்து எரிக்கும்படி அக்கா எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். குகனிடமும்தான்.

ஏன் என்று, அக்காவோடும் என்னோடும் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு கோடை விடுமுறையில் அக்காவும் நானும் மடகஸ்கார் போனோம். "குரங்கு பார்க்கவோ இவ்வளவு தூரம்?" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அங்கே மழைக்காட்டில், காலை வேளையில், குரங்கு மாதிரியான கறுப்பு வெள்ளை லெமூர்க் குடும்பமொன்று உச்சிக் கிளைகளிலிருந்து கூவியது. நெஞ்சை அதிரவைக்கும் நீண்ட கூவல். எங்களோடு வந்த ஒருவன், அவை கீழே இறங்கட்டுமென்று, அதே கூவலைத் தன் கைபேசியில் சத்தமாகப் போட்டான். வேறு கூட்டம் வந்துவிட்டதென்று மிரண்ட தாய், குட்டியோடு மரம்விட்டு மரம் பாய்ந்தது. அக்கா கைபேசியைப் பறித்தே விட்டார். "அதுகளின்ர வீட்டுக்குள்ள வந்து அதுகளையே வெருட்டுறியோ?" அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நன்றாக விளங்கியது.

திரும்பும் வழியில் காடு சட்டென்று முடிந்தது. வெட்டிய அடிமரங்களும் கரி சுடும் புகையும்தான். நான் வெட்டியவர்களைத் திட்டினேன். "அவன் சோறு காய்ச்ச வெட்டுறான். பெரிய மரமெல்லாம் எங்களை மாதிரி ஆக்களின்ர வீட்டுக்கெல்லோ வருது" என்றார் அக்கா. பெட்டியைப் பற்றி அங்கேதான் முதலில் சொன்னார்: "செத்தும் ஒரு காட்டு மரத்தை நான் எரிக்கமாட்டன்."

இறுதிச்சடங்கு மண்டபத்தில் குகனிடம் கேட்டேன். "சனத்துக்கு முன்னால அக்காவை அட்டைப் பெட்டியில வைக்கேலுமே? என்ன கதைக்கிறியள்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிக்கரிங்கிலிருந்தும் ஒஷாவாவிலிருந்தும் வந்த சனம் பெட்டியைத் தடவிப் பார்த்து, "நல்ல வடிவான பெட்டி" என்றது. உங்களிலும் சிலர் சொன்னீர்கள். பிறகு அதை அவரோடு சேர்த்து எரித்தார்கள்.

இப்போது முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கு என்னிடம் ஒரு பக்கம் கேட்டிருக்கிறார் குகன். "உந்தப் பெட்டிக் கதை வேண்டாம். பாசமா எழுதுங்கோ." பாசமாகத்தான் எழுதியிருக்கிறேன். அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அவருடைய கோபம். அதை ஆற்றிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. இந்தப் பக்கத்தை அவர்கள் அச்சடிக்காவிட்டால், அன்று சாப்பாடு போடும் முன் எழுந்து நின்று நானே வாசிப்பேன்.