ஆட்டத்துக்கு முன் ஆடிய நடனம்

தொண்ணூறுகளில் ஒருநாள், வேலையிடத்து வெள்ளைக்கார மேலாளர் தந்த டிக்கெட்டில் பத்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு, அவரோடு லண்டனில் ரக்பி பார்க்கப் போனேன். இங்கிலாந்தும் நியூசிலாந்தும் மோதின.

முதலில் மகாராணிக்கான பாட்டு. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் அரசருக்குப் பாடிப் பழகிய தொண்டை, சுற்றியிருந்த வெள்ளையரைவிட உரக்கப் பாடியது. அகதி விண்ணப்பத்தைக்கூட நான் அவ்வளவு உருக்கமாக எழுதவில்லை.

பிறகு நியூசிலாந்து வீரர்கள் தொடையில் அறைந்து, கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி, அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் போர் நடனத்தை ஆடினார்கள். மேலாளர் புன்னகைத்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நாகரிகம் அடைந்தவன் அல்லவா!

நாங்கள் குடியிருந்த வால்தம்ஸ்டோவில் பரதம் பழகிக்கொண்டிருந்த மகள் என் கோட்டை இழுத்தாள்.

“அப்பா, நான் ஆடேக்கையும் இப்பிடித்தான் சிரிப்பீங்களோ?”

“சும்மா இரு பிள்ளை, அவருக்குக் கேக்கப் போகுது” என்றேன். மேலாளருக்குத் தமிழ் தெரியாது என்பதுகூட அந்த நேரம் எனக்கு மறந்துபோனது.

அந்த வருடம் நடன வகுப்பின் கலைவிழாவில் ஆட மாட்டேன் என்று அடம்பிடித்தாள். தாய் கெஞ்சியபின் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்: அப்பா மண்டபத்துக்குள் வரக்கூடாது.

கார் தரிப்பிடத்தில் நின்று அவளுடைய சலங்கைச் சத்தத்தை மட்டும் கேட்டேன்.