யாரும் கத்தவில்லை

கிளவுட் மெயில் நிறுவனம் தன் பழைய ஏபிஐயை, அதாவது மற்ற புரோகிராம்கள் அதன் மூலம் மெயில் அனுப்பும் இணைப்பை, நிறுத்தப்போவதாக அறிவித்ததிலிருந்து எனக்கு மூச்சுமுட்டியது. மலேசியாவில், பெட்டாலிங் ஜெயாவில் எங்கள் அலுவலகம் எழுதிக்கொடுத்த புரோகிராம்களில் எவையெல்லாம் அதன் வழியாக மெயில் அனுப்புகின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. எழுதியவர்கள் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மாட்டிக்கொண்டவன் நான்.

"நம்ம பக்கத்துல அந்த வழிய ஒரு நாள் மூடிப் பாரு லா. எவன் கத்துறானோ, அவனோடத மட்டும் மாத்து," என்றார் பாஸ்.

காலையில் மூடினேன். மதியம்வரை ஒருவரும் கத்தவில்லை. நிம்மதியாக நாசி லெமாக் சாப்பிட உட்கார்ந்தேன். பாதியில் போன் அடித்தது. எங்கள் புரோகிராம் தினமும் மெயிலில் அனுப்பும் பட்டியலைப் பார்த்து, கிள்ளானில் டயாலிசிஸ் நோயாளிகளை வேனில் கூட்டிப்போகும் ஒரு பெண்மணி.

"தம்பி, இன்னிக்கு யார ஏத்தணும்னு மெயிலே வரல. மனசு கேக்காம வீடு வீடா போய்ப் பாத்தேன். எல்லாரும் கெளம்பி வாசல்ல உக்காந்திருக்காங்க. எல்லாரையும் கொண்டுபோய் விட்டுட்டேன் லா."

"அவங்க யாரும் ஏன் எங்களுக்குப் போன் பண்ணல அக்கா?"

"உங்கள அவங்களுக்கு எப்படித் தெரியும் தம்பி? வேன் லேட்டுன்னு நெனச்சிட்டாங்க."

உடனே திறந்துவிட்டேன். நிறுத்தப்போகும் நாள் நெருங்குகிறது. இப்போது ஒவ்வொரு புரோகிராமையும் வரி வரியாகப் படிக்கிறேன். போன் அடிக்காத மதியங்களில் எனக்குச் சோறு இறங்குவதில்லை.