வேம்பு பயிரிட்ட பாசி

மேட்டூர் அணையைத் தை மாதம் மூடிவிட்டால் கீழவரப்பூருக்கு ஆனி வரை தண்ணீர் என்பது வெறும் பேச்சோடு சரி. மயிலாடுதுறைக்குக் கிழக்கே, கடலுக்கு நாலு மைல் இப்பால், வாய்க்கால் வந்து முடிகிற கடைமடை ஊர் அது. ஆழ்குழாயில் வருவது உப்புத் தண்ணீர். அதில் சோப்புகூட நுரைக்காது. குடிப்பதற்குத் தெருக்குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு ஐந்து குடம் கிடைக்கும். அப்படிப்பட்ட ஊரில் கண்ணாடித் தொட்டி வைத்துத் தங்கமீன் வளர்க்கப் போகிறேன் என்று வேம்பு சொன்னபோது ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் மேலும் தப்பில்லை.

வேம்புக்கு நாற்பத்துநாலு வயது. பதிமூன்றில் நடவுக்கு இறங்கியவள். களை எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கோரையானாலும் அருகானாலும் வேர் நுனிவரை கையோடு வந்தால்தான் அவளுக்கு அடுத்த அடி நகரும். கூட வருகிற பெண்கள் கரையேறிய பிறகும் ஒற்றைப் புல்லுக்காகச் சேற்றில் நிற்பாள். அந்தக் கை சும்மா இருக்காது, அந்த வாயும் சும்மா இருக்காது என்று அவள் பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாளே சொல்லுவாள்.

தங்கமீன் ஆசை திடீரென்று வந்ததில்லை. அவள் குடியிருக்கும் காலனிக்குக் கிழக்கே முப்பது குழி, ஏறக்குறையப் பத்து சென்ட், புறம்போக்கு நிலம் ஒன்று கிடக்கிறது. பண்ணை வீட்டார் அதைத் தங்கள் களம் என்றார்கள். காலனிக்காரர்கள் தங்களுக்கு உரியது என்றார்கள். அதற்காக வேம்புவின் அப்பா ஐயாவு செங்கொடி பிடித்து இரண்டு தரம் சிறைக்குப் போய் வந்தார். அறுபது வருஷம் அந்த ஊர் மண்ணில் உழைத்த மனுஷன், அரசாங்க ஏடு ஒன்றிலாவது தன் பெயர் ஏறிப் பார்க்காமலே கண்ணை மூடினார். சென்னையில் ஆட்சி இவரிடமிருந்து அவருக்கும் அவரிடமிருந்து இவருக்கும் மாறியது. யார் வந்தாலும் கொடியில் கறுப்பும் சிவப்பும் இருந்தன. ஐயாவு கொடுத்த மனு மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

இப்போது அந்த இடத்தை வேம்புவும் இன்னும் ஏழு பெண்களும் அலங்கார மீன் வளர்க்கக் கேட்டார்கள். அதே இடத்தைத் தன் அரிசி ஆலைக்கு நெல் காயப்போடச் செல்லதுரை கேட்டான். பண்ணை வீட்டுப் பேரன், கட்சியில் ஒன்றியச் செயலாளர். அவன் தாத்தாவை ஐயாவு 'ஐயா' என்று கூப்பிட்டார்; இவனை வேம்பு 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறாள். அவ்வளவு தூரம் வந்திருக்கிறது, மிச்சத்தையும் பார்த்துவிடுவது என்று அவளுக்குள் ஒரு வெறி.

விசாரணைக்கு வந்த துணை வட்டாட்சியர் மங்களாம்பிகை இரண்டு பக்கமும் கேட்டார். வாரா வாரம் பாதித் தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் மாற்றாவிட்டால் மீன் தன் கழிவிலேயே செத்துப் போகும், கோடையில் இவர்கள் எங்கே போவார்கள் என்று செல்லதுரை கேட்டான். கேள்வி நியாயமானதுதான். அந்த அம்மா யோசித்துவிட்டு, அந்த இடத்திலேயே தொட்டி வைத்து ஆறு தங்கமீனை விடச் சொல்லி, "ஆனி கடைசியில நானே வந்து பாக்குறேன். தண்ணி மாத்தாம மீன் பொழச்சிருந்தா, இடம் உங்க அனுபவத்துல இருக்குன்னு உங்க பேருக்கு எழுதுறேன். செத்துப்போச்சுன்னா அப்புறம் என்கிட்ட மனு கொண்டாரக் கூடாது" என்றார்.

தண்ணீர் மாற்றாமல் மீனைக் காப்பாற்ற வழி உண்டா என்று வேம்பு மகளுடைய பழைய கைபேசியில் தேடித் தேடிப் பார்த்தாள். ஒரு வீடியோவில் ஏதோ தேசத்து ஆள் ஒருவன் தொட்டிமேல் வைக்கிற பெட்டி செய்துகொண்டிருந்தான். அவன் பேச்சு அவளுக்குப் புரியவில்லை; கை வேலை புரிந்தது. தொட்டித் தண்ணீரைச் சின்ன மோட்டார் மேலே ஏற்றுகிறது. அது சொரசொரப்பான வலைமேல் மெல்லிசாக வழிந்து திரும்பத் தொட்டிக்கே வருகிறது. வலைக்கு எதிரே விளக்கு. வலையில் பாசி பிடிக்கிறது. தண்ணீரில் இருக்கிற அழுக்கைத் தின்றே அது வளர்கிறது. வாரம் ஒருதரம் பாசியை வழித்து எறிந்தால் அழுக்கும் அதோடு போய்விடும். பதினோரு தடவை பார்த்துவிட்டு அவள் மயிலாடுதுறைக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே சவரியப்பன் என்று ஒருவர், கடைகளுக்கும் கட்சிக்காரர்களுக்கும் அக்ரிலிக் எழுத்தில் பெயர்ப்பலகை செய்கிறவர். கட்சிப் பலகைக்கு வெட்டியதில் மிஞ்சிய கறுப்புத் துண்டும் சிவப்புத் துண்டும் அவர் கடையில் மூலைக்கு மூலை கிடந்தன. அவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அக்ரிலிக்கைப் பசை போட்டு ஒட்டுவதில்லை, விளிம்புகளைச் சேர்த்து வைத்து ஊசியால் குளோரோஃபார்ம் ஓட்டினால் ஒன்றையொன்று கரைத்துப் பிடித்துக்கொள்ளும் என்று சவரியப்பன் காட்டினார். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், மயங்கி விழுந்தால் பழி என் தலையில் என்றும் சொன்னார்.

முப்பது குழியில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, கண்ணாத்தாள் வீட்டிலிருந்து மின்சாரம் இழுத்து, தொட்டியை வைத்தாயிற்று. முதல் பெட்டி நாலு மூலையிலும் ஒழுகியது. அறுத்த விளிம்பு கோணல். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் என்று கண்ணாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டாவது ஒரு மூலையில் மட்டும் ஒழுகியது. மூன்றாவதற்கு விளிம்பை உப்புத்தாளில் ஒரு நாள் முழுக்கத் தேய்த்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மேலே நீளவாக்கில் கீறிய பிளாஸ்டிக் குழாய். அதன் கீழே ஆக்சா பிளேடால் சுரண்டிச் சொரசொரப்பாக்கிய வலை. வலைக்கு எதிரே ஒரு எல்.இ.டி. விளக்கு. மூன்று பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சிவப்பு. பெட்டி எந்தக் கட்சி அக்கா என்று செல்லதுரை போகிற போக்கில் கேட்டான். எந்தக் கட்சி ஜெயித்தாலும் செல்லுபடியாகும் தம்பி என்றாள்.

மாசியில் வலை பச்சை பிடித்தது. வேம்புக்குத் தலைகால் புரியவில்லை. வாரம் முடிந்ததும் வலையைக் கழற்றிப் பழைய சீப்பால் வழித்தாள். வழித்தது போதாதென்று தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள். இண்டு இடுக்கில் ஒரு நூல் பாசி விடாமல் நகத்தால் கிள்ளி எடுத்தாள். வலை கடையில் வாங்கியதுபோல வந்தது. அடுத்த வாரம் பாசி பாதிதான் வந்தது. அதையும் அப்படியே எடுத்தாள். நாலாவது வாரம் வலை வெறுமனே இருந்தது, தொட்டி கலங்கி நாற்றமடித்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. விளக்கை மாற்றினாள், மோட்டாரை மாற்றினாள். பங்குனி பிறந்த இரண்டாம் நாள் காலையில் ஒரு மீன் மல்லாந்து மிதந்தது.

அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். வயலாக இருந்தால் நீர் கட்டலாம், எரு போடலாம். இந்தக் கண்ணாடிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்பாவின் இரண்டு சிறைவாசத்தையும் தானே கொண்டுபோய்த் தொட்டியில் தள்ளிவிட்டதுபோல இருந்தது. ஆனாலும் வீட்டில் கட்டியிருக்கிற ஆடு காத்திருக்குமா? கருக்கறுவாளை எடுத்துக்கொண்டு சாக்கடையோரம் புல் அறுக்கப் போனாள்.

நாலு பிடி அறுத்தபிறகுதான் தன் கையைப் பார்த்தாள். அது தரையோடு அறுக்கவில்லை. யாரும் சொல்லாமலே ஒரு விரற்கடை விட்டு அறுத்துக்கொண்டிருந்தது. அடியை விட்டால்தானே அடுத்த வாரம் ஆட்டுக்குப் புல்? அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முப்பது வருஷம் ஊரார் வயலில் களை பிடுங்கிய கை, பாசியையும் களை என்றே நினைத்து வேரோடு பிடுங்கியிருக்கிறது. பெட்டியில் பாசி களையில்லை, பயிர். அறுவாளையும் புல்லையும் அங்கேயே போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினாள்.

அதற்கப்புறம் வலையில் சீப்பு மட்டும்தான் பட்டது, அதுவும் மேலாக. நார் அடுப்புக்குப் போயிற்று. வேர் தங்கிய வலையில் பாசி ஆட்டு ரோமம்போல் அடர்ந்தது. வாரம் ஒருமுறை வழித்ததைப் பிழிந்து, கொட்டகையின் மண்சுவரில் வரட்டி தட்டுவதுபோல் தட்டிவைத்தாள். வெயிலில் வற்றுகிற அளவுக்குத் தன் வீட்டுக் குடிதண்ணீரில் தினம் அரைக்குடம் ஊற்றினாள். அதனால் அவளுக்குக் குளியல் உப்புத் தண்ணீரில். சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. தொட்டி தெளிந்தது, மீன் கொழுத்தது. ஆனியில் அணை திறக்கவில்லை. வறட்சி வேலை என்று மங்களாம்பிகையும் வரவில்லை. ஆடி பிறந்தது. முன்வைத்த காலைப் பின்வைக்கிற சாதியா அவள்? வழித்துக்கொண்டே இருந்தாள்.

ஆடி இரண்டாம் வாரம் ஜீப் வந்தது. மங்களாம்பிகையோடு கிராம நிர்வாக அலுவலரும் செல்லதுரையும் இறங்கினார்கள். செல்லதுரை முதலில் மீனை எண்ணினான். ஐந்து. ஒன்று தன் தப்பால் செத்தது என்று அவன் கேட்கும் முன்பே வேம்பு சொல்லிவிட்டாள். பிறகு அவன் தண்ணீரைக் காட்டி, "இவ்வளவு தெளிவா இருக்கே, லாரித் தண்ணி மாத்தாம எப்படிம்மா இருக்கும்?" என்று அதிகாரியிடம் கேட்டான்.

வேம்பு அதிகாரி பக்கம் திரும்பினாள். சுவரைக் காட்டினாள். பதினேழு பாசி அடை, வரிசையாக, காய்ந்து கறுத்துக் கிடந்தன.

"வாரத்துக்கு ஒண்ணுங்கம்மா. எரு இல்லாத வயல்ல களைகூட மொளைக்காது. தண்ணிய மாத்தியிருந்தா அழுக்கு ஏது, இந்தப் பாசி எதைத் தின்னு வளந்திருக்கும்?"

மங்களாம்பிகை ஒரு அடையைப் பெயர்த்து முகர்ந்து பார்த்தார். பெட்டியைத் திறக்கச் சொல்லி வலையைத் தடவினார். அவரும் ஏதோ ஒரு ஊரில் வயலோரம் வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். நிலத்தையும் பயிரையும் பதிகிற அடங்கல் ஏட்டை எடுக்கச் சொன்னார். பயிர் என்கிற இடத்தில் என்ன போடுவது என்று கிராம நிர்வாக அலுவலர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாசின்னு போடுங்க" என்றாள் வேம்பு. "மீன் அதும்பாட்டுக்கு வளருது. நான் பயிர் பண்றது பாசி."

மங்களாம்பிகை சிரித்துவிட்டார். அதை மீன் வளர்ப்பு என்றுதான் எழுத முடியும் என்று சொல்லி, அவரே பேனாவை வாங்கி எழுதினார். எழுதியதை எல்லோரும் கேட்கும்படி வாசித்தார்: அனுபவத்தில் இருப்பவர், ஐயாவு மகள் வேம்பு மற்றும் எழுவர்.

செல்லதுரை ஜீப் பக்கம் நடந்தான். வேம்பு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எங்கப்பா பேரை மட்டும் இன்னொருக்கா படிங்கம்மா."

மங்களாம்பிகை படித்தார்.