விமானப்படை என்னை எடுக்காத கதை

கிள்ளானில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். டெஸ்ட் மைதானத்தில் ஒரு செயற்கை மேடு உண்டு. அதில் ஏறி, மஞ்சள் கோட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளம்ப வேண்டும். கடந்த இருபது வருடத்தில் நான் தொட்ட உச்சபட்ச உயரம் அதுதான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எனக்கென்று வைத்திருக்கும் தனி பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, "மெதுவா ஆன்டி, மெதுவா லா, அது கிளட்ச்சு" என்று சொல்லிக்கொண்டே மேட்டிலிருந்து இறங்குவேன்.

எங்கள் குடும்பத்துக்குப் புதிதாக மருமகனோ மருமகளோ வந்தால், முதல் விருந்திலேயே அவர்களுக்குச் சொல்லப்படும் கதை ஒன்று இருந்தது. "பெரியவன் பைலட்டா போயிருக்க வேண்டியவன். ஏர்ஃபோர்ஸ். எல்லாம் பாஸ். கடைசியில நம்ம ஆளு, தமிழன்னு எடுக்கலை." இதை அப்பா சொல்வார். அப்பா போன பிறகு தம்பி சொன்னான். நான் சாதத்தைப் பிசைந்தபடி தியாகியின் முகத்தோடு உட்கார்ந்திருப்பேன். அந்த முகம் சும்மா வராது. பல வருடப் பயிற்சி.

ஆசைப்பட்டது உண்மை. சுதந்திர தின ஒத்திகைக்காகப் போர் விமானங்கள் எங்கள் அடுக்குமாடிக்கு மேலே கிழித்துக்கொண்டு போகும். காயப்போட்ட துணி ஆடும், கீழ்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும். எனக்கு அந்த உடுப்பும் கறுப்புக் கண்ணாடியும் போதும். என்னைவிட இரண்டு வயது சின்னவனான தம்பிக்குத்தான் விமானமே வேண்டும். சத்தத்தை வைத்தே எது எந்த ரகம் என்று சொல்லுவான். நான் அண்ணாந்து பார்த்து "ஆமா ஆமா" என்பேன்.

விளம்பரத்தைப் பேப்பரில் பார்த்தவனும் அவன்தான். எனக்குப் பத்தொன்பது வயது, அவன் அப்போது பள்ளியின் கடைசி வருடமான ஐந்தாம் பாரம் படித்துக்கொண்டிருந்தான். என் விண்ணப்பத்தை அவனே பூர்த்தி செய்தான், என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும் என்பதால். கூடவே தனக்கும் ஒரு விண்ணப்பத்தை எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டான்.

"நீ முதல்ல உள்ள போண்ணே. அடுத்த வருஷம் நான் வரேன். நீ அங்க இருந்தா எனக்கு ஈஸி லா."

எழுத்துத் தேர்வு பாஸ். அதற்கும் அவன்தான் இரவு பகலாக என்னிடம் கேள்வி கேட்டான். அடுத்த தேர்வில் ஒரு திரையில் ஓடும் புள்ளியைக் கைப்பிடியால் துரத்த வேண்டும். அதிலும் பாஸ். வீடியோ கேம் கடையில் நான் வீணாக்கிய இளமைக்கு அன்று ஓர் அர்த்தம் கிடைத்தது. மருத்துவப் பரிசோதனைக்குக் கடிதம் வந்தது. தைப்பூசம் முடிந்து பத்தாவது நாள்.

இங்கேதான் அம்மா நுழைந்தார்.

காரியம் நடந்தால் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொள்வதுதான் முறை. நடந்த பிறகு எடுப்பார்கள். அம்மா கணக்குப் போட்டுப் பார்த்தார். நான் தேர்வாகி முகாமுக்குப் போய்விட்டால் அடுத்த தைப்பூசத்துக்கு லீவு கிடைக்குமோ கிடைக்காதோ. நேர்த்திக்கடன் தள்ளிப்போனால் ஆபத்து, அதுவும் வானத்தில் பறக்கிறவனுக்கு.

"இந்த வருஷமே எடுத்துடுடா," என்றார்.

"இன்னும் கிடைக்கலியேம்மா."

"முன்னாடியே குடுத்துட்டா முருகனுக்கே வெக்கமாயிடும். அப்புறம் இல்லைன்னு சொல்ல முடியாது பாரு."

தெய்வத்தை இப்படி மடக்க முடியும் என்று வேறு எந்த மதத்திலாவது நம்புகிறார்களா தெரியாது. எனக்கு அந்த வாதத்தில் ஓட்டை தெரியவில்லை. நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தேன். ஒரு வேளை சைவச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை. ஏற்கெனவே ஒல்லிக்குச்சி. பத்துமலையில் முதுகு நிறையக் கொக்கியும் கன்னத்தில் வேலுமாகப் படியேறியபோது, கூட வந்த தம்பி என் காதில், "அண்ணே, இப்ப காத்தடிச்சா நீ பிளேன் இல்லாமலே போயிடுவே," என்றான்.

பத்தாவது நாள் முகாமில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். மருத்துவர் ஒரு மலாய் மேஜர், மீசை நரைத்தவர். என் முதுகைப் பார்த்தார். இரண்டு வரிசையில் சிவப்புப் புள்ளிகள். "தைப்பூசம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒவ்வொரு புள்ளியாக எண்ணிப் பார்த்தார், மதிப்போடுதான். பிறகு எடை பார்க்கும் தட்டில் நிற்கச் சொன்னார். முள் வேண்டிய இடத்துக்கு வரவே இல்லை. அவர் குனிந்து, தட்டை லேசாக உதைத்துக்கூடப் பார்த்தார். ரத்த அழுத்தமும் தரையோடு தரை.

நிராகரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு சீட்டில் தேதி எழுதினார். மூன்று வாரம் கழித்து. "மாக்கான்," என்றார் மலாயில், சாப்பிடு என்று. "சோறு, கோழி, எல்லாம் சாப்பிடு. நானே இருப்பேன், வா." நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கதவைத் தாண்டிய பிறகும் உள்ளேயிருந்து "மாக்கான், ஹா!" என்று சத்தம் கொடுத்தார்.

இதை வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வது? அம்மா, உங்கள் காவடியால்தான் எனக்கு எடை குறைந்தது என்றா? வாசலிலேயே விபூதித் தட்டோடு நின்றார். "இன்னொரு டெஸ்ட் இருக்கு," என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை. மூன்று வாரம் தின்று தீர்த்தேன். காலையில் நான்கு ரொட்டி சானாய், மத்தியானம் இரண்டு தட்டு சோறு. எடை ஏறியது.

அந்தத் தேதியும் வந்தது. கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினேன். அப்போது புதிதாகத் திறந்திருந்த சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் மாற வேண்டும். இறங்கினேன். பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்ததும் வந்தது.

ஏன் என்று இருபத்து சொச்சம் வருடமாக யோசிக்கிறேன். உயரத்துக்குப் பயமில்லை. அந்த மேஜரிடமும் பயமில்லை, அவரைப் பார்க்க ஆசையாகக்கூட இருந்தது. முதல் தடவை தோற்றது விரதம். இந்தத் தடவை தோற்றால் தோற்பது நான். அதற்குமேல் சாக்கு கிடையாது. ஸ்டேஷனை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் நடந்தேன். பூக்கடை, கண்ணாடிக் கடை, கேசட் கடை எல்லாம் பார்த்தேன். மத்தியானம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து மட்டன் பிரட்டல் சாப்பிட்டேன். பரிசோதனை முடிந்திருக்கக்கூடிய நேரமாகப் பார்த்து ரயில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அப்பா லோரி ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்து, பனியனோடு உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"எடுக்கலியா?"

நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

"நெனைச்சேன். நம்ம ஆளை எங்க எடுக்கப் போறானுங்க."

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். அந்தப் பொய்யை நான் கட்டவில்லை. அது ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தது, நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். நிஜமாகவே முகத்தைப் பார்த்துக் கதவு சாத்தப்பட்டவர்கள் நம்மில் இருக்கிறார்கள். எனக்கே இரண்டு மூன்று பேரைத் தெரியும். அவர்கள் பட்ட வலியை நான் ஓசியில் எடுத்துப் போட்டுக்கொண்டேன். எனக்கு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியது. அம்மா அழுதார், முருகனைக் கூட இரண்டு வார்த்தை கேட்டார். தம்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவன் அடுத்த வருடம் விண்ணப்பிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. கேட்டால் அவன் காரணம் சொல்வானே.

இன்று அவன் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் சூப்பர்வைசர். விமானத்தின் வயிற்றை மட்டும் பார்க்கிற வேலை என்று அவனே சொல்லுவான். செமினியில் வீடு, மனைவி, ஒரே மகள். போன மாதம் ஒரு சனிக்கிழமை போன் செய்தான்.

"அண்ணே, நாளைக்கு வீட்டுக்கு வா. மகளுக்கு ஏர்ஃபோர்ஸ் மெடிக்கலுக்கு லெட்டர் வந்திருக்கு. எனக்குத் தெரியாமலே அப்ளை பண்ணியிருக்கா. ரெண்டு டெஸ்ட் பாஸ் வேற."

"அட! நல்ல விஷயம்தானே?"

"என்ன நல்ல விஷயம்? உனக்கு ஆனது தெரிஞ்சும் நான் அனுப்புவேனா? நீ பட்டது போதாதா? நீ வந்து உன் கதையைச் சொல்லு. நான் சொன்னா எதிரி மாதிரி பாக்குறா."

அந்த இரவு நான் தூங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். தூங்கினேன். ஆனால் செமினி போகும் வழியெல்லாம் என் மாணவர்களைப் போலவே ஓட்டினேன். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்துத் தீர்த்தான்.

சாப்பாட்டு மேசையில் கடிதம் இருந்தது. தம்பி மகள் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்பது போல. பதினெட்டு வயது. அவள் அப்பாவின் அதே புருவம்.

"சொல்லுண்ணே," என்றான் தம்பி.

"பெரியப்பா, நான் ஒண்ணு கேக்கலாமா?" அவள் முந்திக்கொண்டாள். "எந்த ஸ்டேஜ்ல உங்கள ரிஜெக்ட் பண்ணாங்க?"

"மெடிக்கல்."

"என்ன ரீசன் சொன்னாங்க?"

"ரீசன் வேற சொல்லுவாங்களா?" என்றான் தம்பி. "மூஞ்சப் பாத்தா போதும்."

"அப்பா, நான் பெரியப்பாகிட்டதான் கேக்குறேன். லெட்டர் வந்திருக்கும்ல பெரியப்பா? அதுல என்ன போட்டிருந்துச்சு?"

இத்தனை வருடத்தில் என்னை யாரும் இதைக் கேட்டதில்லை. பரிதாபப்பட்டார்கள், அரசாங்கத்தைத் திட்டினார்கள், இன்னொரு கரண்டி சோறு போட்டார்கள். லெட்டர் எங்கே என்று கேட்கவில்லை. நான் வழக்கமான முகத்தைப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை.

"லெட்டர் வரலைம்மா. அவங்க என்னை ரிஜெக்ட் பண்ணலை. ரெண்டாவது தேதி குடுத்தாங்க. நான்தான் போகலை."

எல்லாவற்றையும் சொன்னேன். தட்டை உதைத்துப் பார்த்த மேஜர், சீட்டு, ரயில், விட்ட பஸ்கள், அப்பா கேட்டது, நான் தலையாட்டியது. நடுவில் ஒரு இடத்தில் பழக்கதோஷத்தில் ஜோக் அடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. தம்பி மனைவி குசினியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றவர், கரண்டியைக் கீழே வைக்க மறந்துவிட்டார்.

தம்பி ரொம்ப நேரம் மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு என்ன சாப்பிட்டே?" என்றான்.

"என்னடா?"

"பிரிக்பீல்ட்ஸ்ல. என்ன சாப்பிட்டே?"

"மட்டன்."

"நல்லா இருந்துச்சா?"

இதற்கும் பொய் சொல்லியிருக்கலாம். "நல்லாதான் இருந்துச்சு," என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். "நான் அன்னிக்கு ராத்திரியே என் அப்ளிகேஷன் பாரத்தைக் கிழிச்சுட்டேன்ணே. உனக்கே இல்லைன்னா எனக்கு எங்கன்னு. எல்லாம் எழுதி வச்சிருந்தேன். போட்டோ கூட ஒட்டிட்டேன்."

மகள் அவன் கையைப் பிடிக்கப் போனாள். அவன் எழுந்து வெளியே போய், ஏற்கெனவே கழுவியிருந்த காரை மறுபடி கழுவ ஆரம்பித்தான். குழாய் சத்தம் நிற்கிற வரை நாங்கள் மூவரும் மேசையிலேயே இருந்தோம். நான் கிளம்பும்போது அவன் வழி விட்டு நின்றான். "பாத்துப் போ," என்று கூடச் சொல்லவில்லை.

பிறகு இரண்டு வாரம் பேச்சு இல்லை. பரிசோதனை எந்த நாள் என்று தம்பி மனைவிதான் மெசேஜ் போட்டார். அவனே லீவு எடுத்துக்கொண்டு மகளைக் கூட்டிப் போகிறான் என்றும் எழுதியிருந்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாததுதான் நியாயம்.

அன்று காலை நான் ஒரு ஆன்டிக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தம்பி. காரை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு இறங்கி நின்றேன்.

"உள்ள போயிட்டா," என்றான். "என்னை கேட்டுக்கு வெளியவே நிப்பாட்டிட்டாங்க. கார்லதான் உக்காந்திருக்கேன்."

"சாப்பிட்டியாடா?"

"இல்ல."

அவனும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் எங்கேயோ இன்ஜின் சத்தம் கேட்டது. எந்த ரகம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். சொல்லவில்லை.

"என்னை எடுத்திருந்தாங்கன்னா," என்றான், "இந்நேரம் சர்வீஸ் முடிஞ்சு நான் ரிட்டயர் கூட ஆயிருப்பேன்ணே."

"மன்னிச்சுடுடா."

"அதை இப்ப சொல்லாதே. அவ வெளிய வரட்டும்."